அஞ்சலையும் அஞ்சலியும்

போன மாதம் ஷாலினி கைப்பேசியில் அழைத்தாள். முன்பு எனக்குக் கீழே வேலை பார்த்தவள். நான் ஓய்வுபெற்ற பிறகு, ஈப்போவில் நாங்கள் வேலை பார்த்த மருத்துவமனையின் பதிவு அறைக்கு இப்போது அவள்தான் பொறுப்பு.

“அக்கா, புது சிஸ்டம் வருதுக்கா. இனிமே பேர டைப் பண்ணவே வேணாம்லா. மைக்குல சொன்னா போதும், அதுவே எழுதிக்கும். தப்பு இருந்தா அதுவே திருத்திக்கும். புதுசா வந்த புள்ளைங்களுக்கு உங்க அனுபவத்த ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்.”

எழுதித் தருகிறேன் என்றேன். உட்கார்ந்து எழுதினால் இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. அவர்கள் இதை அச்சிடுவார்கள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஈப்போவில் இருப்பவர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாதவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

நான் எஸ்பிஎம் பள்ளிப் பரீட்சை முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். லகாட்டிலிருந்து தினமும் பஸ். முதல் ஒரு வருடம் கோப்பு எடுத்துக் கொடுப்பதும் திரும்ப அடுக்குவதும்தான் வேலை. தூசியில் தும்மல் வந்தது, ஏணியில் ஏறி இறங்கிக் கால் வலித்தது. அதற்கு மேல் அந்த வருடத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. பிறகு என்னை நோயாளிகளைப் பதியும் முகப்பில் உட்காரவைத்தார்கள், ஹமீதா அக்காவுக்குப் பக்கத்தில்.

ஹமீதா அக்கா பதிவு அறைக்குத் தலைமை எழுத்தர். பாகான் செராய்க்காரர், அப்பாவுக்கு அங்கே மளிகைக் கடை. அவரை யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காது. தாதியர் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘போலீஸ்’. குரலை உயர்த்த மாட்டார். சிரிக்கவும் மாட்டார். தலைத்துணியின் ஓரத்தைக் காதுக்குப் பின்னால் சரிசெய்துகொண்டு, எதிரே நிற்பவர் காய்ச்சலில் நடுங்கினாலும் அதே மூன்று கேள்விகளைக் கேட்பார். பேரு என்ன? அப்பா பேரு என்ன? எந்தத் தோட்டம்?

பதிலை அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். நாம் பெயரைச் சொல்லி அவர்கள் தலையாட்டினால் அவருக்குச் செல்லாது.

“நீ பேரச் சொல்லாத பத்மா. நீ எதச் சொன்னாலும் இந்த சனங்க ஆமான்னுதான் சொல்லும். பெரியவங்க கேட்டா இல்லன்னு சொல்லிப் பழக்கமில்ல. அவங்க சொல்லட்டும், நீ எழுது.”

பதில் வந்ததும் அடையாள அட்டையிலோ பழைய சீட்டிலோ உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுவார். பென்சில் முனை எழுத்துக்கு எழுத்து நகரும். இதற்குள் வரிசை வாசல்வரை நீண்டுவிடும். ஒருமுறை புந்தோங்கிலிருந்து வந்த ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல் கத்தினார். “என்னாம்மா, பொண்ணு பாக்க வந்த மாதிரி அப்பா பேரு, ஊரு பேரெல்லாம் கேக்குற?” ஹமீதா அக்கா நிமிர்ந்து பார்த்து, “அப்பா பேரு சொல்லுங்க” என்றார்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஆட்களின் பெயர்கள் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் பதிவானவை. ஒரு தோட்டத்தில் கிராணி மலையாளி, அடுத்ததில் யாழ்ப்பாணத்துக்காரர். அவரவர் பழக்கத்துக்கு எழுதினார்கள். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளின் அட்டையில் அப்பா பெயர் மூன்று விதமாக இருக்கும். லெட்சுமி என்ற ஒரு பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று ஹமீதா அக்கா ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார், ஒரு பக்கம் முழுக்க. என் அட்டையிலேயே நான் பத்மா இல்லை, ‘பட்மா’.

ஆரம்பத்தில் நான் ஒரு கோப்பில் இப்படிப்பட்ட பெயரைத் திருத்தி எழுதிவிட்டேன். அவர் அழிப்பானை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். “தப்புன்னு சொல்ல நீ யாரு? இந்தப் பேர்லதான் அவரு கல்யாணம் கட்டியிருக்காரு, இந்தப் பேர்லதான் சம்பளம் வாங்கியிருக்காரு. பழையபடி எழுது.”

ஐசி இல்லாதவர்களுக்கு அவர் தனியாக ஒன்று செய்தார். வீட்டிலேயே பிறந்து, பதியாமல் விட்டு, அடையாள அட்டை கிடைக்காமல் வயதானவர்கள் எங்கள் பக்கத் தோட்டங்களில் உண்டு. எங்கள் மருத்துவமனை அவர்களையும் பார்க்கும். அவர்களுக்கு ஐசி எண் கிடையாது, பெயர் மட்டும்தான். அவர்களுடைய கோப்பின் மேலட்டையில் ஆங்கில எழுத்தில் பெயரை எழுதி, பக்கத்தில் தமிழிலும் எழுதிவைப்பார். அந்த அறையில் தமிழில் எழுதிய கோப்புகள் அவை மட்டுமே.

அஞ்சலையின் கோப்பும் அப்படிப்பட்டதுதான்.

லகாட்டைத் தாண்டி, ரப்பர் பால் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்ட ஒரு தோட்டத்தில் அவர் இருந்தார். பிரசவத்துக்கு எங்களிடம் வந்தார். பெண் குழந்தை பிறந்த மறுநாள் காய்ச்சலுக்குப் பென்சிலின் ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்துக்கொண்டது. மருத்துவர் பக்கத்திலேயே இருந்ததால் பிழைத்தார். அன்று பிற்பகல் ஹமீதா அக்கா கோப்பை வாங்கி, மேலட்டையில் தமிழ்ப் பெயருக்குக் கீழே ‘பென்சிலின் ஆகாது’ என்று சிவப்பு மையில், ஆங்கிலத்திலும் தமிழிலும் பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஹமீதா அக்கா ஓய்வுபெற்றுப் பாகான் செராய்க்குப் போனார். சில வருடங்களில் அங்கேயே காலமானார். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. நானும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்டேன், பல வருடம் கேட்டேன்.

அதன் பிறகு எல்லாக் கோப்புகளையும் கணினியில் ஏற்றினார்கள். தாளைப் படம்பிடித்து ஏற்றினார்கள், முக்கியமான விவரங்களை ஒப்பந்த ஆட்கள் தட்டச்சு செய்தார்கள். தாள்களை லாரியில் ஏற்றி அழிக்க அனுப்பினார்கள். சிஸ்டத்தை விற்ற நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்தான். மரியாதையான பையன், சீனன், தமிழில் ‘நன்றி’ சொல்லத் தெரிந்தவன். பெயர்களில் வழக்கமாக வரும் எழுத்துப் பிழைகளைச் சிஸ்டமே கண்டுபிடிக்கும் என்றான். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பெயர்களில் பதிவு இருந்தால், இந்த இரண்டும் ஒருவர்தானே என்று கேட்கும். நான் ஆமாம் என்றால் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஐசி எண் உள்ள பதிவு மேலே நிற்கும். எண் இல்லாதது அதற்கு அடியில் போய்விடும்.

அது நன்றாகவே வேலை செய்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். புந்தோங்கைச் சேர்ந்த ஒரு தாத்தாவுக்கு மூன்று பெயர்களில் மூன்று பதிவுகள் இருந்தன. ஒன்றில் நீரிழிவு இருந்தது, மற்ற இரண்டில் இல்லை. அது கண்டுபிடித்தது. எங்களால் இருபது வருடத்தில் முடியாததை ஒரு காலைப்பொழுதில் செய்துவிட்டது என்று நானே எல்லாரிடமும் சொன்னேன்.

முதல் சில வாரங்கள் ஒவ்வொரு ஜோடியையும் படத்தைத் திறந்து பார்த்துத்தான் ஆமாம் போட்டேன். படம் திறக்க நேரம் பிடிக்கும். பட்டியல் குறையவே இல்லை. மேலாளர் மாதக் கடைசிக்குள் முடித்துவிடச் சொன்னார். பட்டியலுக்கு மேலே, அனைத்தையும் ஏற்றுக்கொள்ள ஒரு பொத்தான் இருந்தது. ஒருநாள் பகல் சாப்பாட்டுக்குப் போகும் முன் அதை அழுத்தினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. பசித்தது, கண் எரிந்தது. அது திருத்தியதில் அதுவரை ஒரு தவறும் நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது பட்டியல் காலியாக இருந்தது. நிம்மதியாக இருந்தது.

அஞ்சலை மீண்டும் வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்து. திங்கட்கிழமை காலை, கூட்டம். செம்பனை முள் காலில் ஏறி, பாதம் வீங்கி, முழங்கால்வரை சிவந்திருந்தது. மகள் கஸ்தூரி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். பழைய மஞ்சள் சீட்டை நீட்டினாள். நான் சீட்டில் இருந்த கோப்பு எண்ணைத் தட்டினேன். திரையில் ஒரு பெயர் வந்தது.

“அஞ்சலி, அப்பா பேரு முனியாண்டி. சரிதானே?” என்றேன்.

அஞ்சலை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். “ஆமாங்க.”

அவ்வளவுதான். பெயரை நான் சொன்னேன், அவர் ஆமாம் என்றார். எந்தத் தோட்டம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், திரையில் ஈப்போ நகரத்து முகவரி இருந்தது அப்போதே தெரிந்திருக்கும். அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் மருத்துவர் அறை வாசலிலிருந்து “அஞ்சலி!” என்று குரல் வந்தது. அவர் மகளின் தோளைப் பிடித்து எழுந்து போனார்.

மருத்துவர் திரையைப் பார்த்தார். ஒவ்வாமை எதுவும் இல்லை என்று இருந்தது. கஸ்தூரி தாதியிடம் சொல்லியிருக்கிறாள்: “மிஸ்ஸி, அம்மாவுக்கு ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காது. என்னா ஊசின்னு தெரியல. நான் பொறந்தப்ப நடந்தது, இங்கதான்.” அந்தத் தாதி மலாய்க்காரப் பெண், கஸ்தூரியும் மலாயில்தான் சொன்னாள். தாதி திரும்பவும் திரையில் தேடிப் பார்த்தாள். அந்தப் பதிவில் பிரசவம் என்ற வார்த்தையே கண்ணில் படவில்லை. எல்லாம் அடியில் இருந்த படங்களில் கிடந்தது. “இல்லையே, ஒன்றும் இல்லை” என்றாள். அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. திரையை நம்பச் சொல்லித்தான் எல்லாருக்கும் பயிற்சி கொடுத்திருந்தோம்.

ஊசி போட்ட சில நிமிடங்களில் ஒலிபெருக்கியில் அவசர அழைப்பு வந்தது. அது தினமும் வருவதுதான். நான் நிமிரக்கூட இல்லை.

பகல் ஒரு மணிக்கு முன்பே அஞ்சலை இறந்துவிட்டார்.

இறப்புக்கான தாள்கள் எங்கள் அறையிலிருந்துதான் அச்சாகும். கஸ்தூரி முகப்புக்கு வந்தாள். அப்போது அவள் அழவில்லை. கையில் அம்மாவின் செருப்பை வைத்திருந்தாள். வீங்கிய காலுக்குப் போட முடியாமல் காலையிலேயே கழற்றி மகளிடம் கொடுத்திருக்கிறார். தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திரும்ப என் பக்கம் நகர்த்தினாள்.

“அம்மா பேரு தப்பா இருக்குக்கா. அஞ்சலை. அஞ்சலி இல்ல.”

“சிஸ்டத்துல அப்படித்தான்மா இருக்கு.”

“காலையிலயும் அப்படித்தான் கூப்பிட்டீங்க. அம்மாவுக்கு அது புடிச்சிருந்துச்சு. பாருடி, டவுன்காரங்க மாதிரி கூப்பிடுறாங்கன்னு சிரிச்சிச்சு.” பிறகு அதே குரலில், “ஆனா பேரு அஞ்சலைதான். மாத்திக் குடுங்க” என்றாள்.

கணினியில் மாற்ற முயன்றேன். திருத்தித் திருத்தி ஏற்றினாலும் பழைய பெயரே வந்து நின்றது. கடைசியில் பேனாவால் அடித்து, மேலே அஞ்சலை என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகுதான் எனக்குள் ஏதோ உறுத்தியது. பதிவைத் திறந்து அடியில் கிடந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பழைய மேலட்டையின் படம் இருந்தது. ஹமீதா அக்காவின் கையெழுத்து. தமிழில் அஞ்சலை. கீழே ‘பென்சிலின் ஆகாது’, இரண்டு கோடு. படம்பிடித்தது கறுப்பு வெள்ளையில். சிவப்பு மை மற்ற எழுத்துகளைப் போலவே சாம்பல் நிறத்தில் இருந்தது.

இரண்டு பதிவுகளை இணைத்தவர் யார் என்று சிஸ்டம் குறித்து வைத்திருக்கும். பார்த்தேன். என் பெயர், சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு. அட்டையில் உள்ளபடி, பட்மா.

விசாரணை நடந்தது. அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இணைத்தது எப்படி என்று என்னிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. ‘பதிவில் எழுத்து முரண்பாடு இருந்ததா?’ என்று கேட்டார்கள். இருந்தது என்றேன். அது பொய் இல்லை. அறிக்கையில், நோயாளி தந்த பெயரில் இருந்த எழுத்து முரண்பாட்டால் நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று வந்தது. நோயாளி தந்த பெயரில் எந்த முரண்பாடும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மாதம் உண்மையான அஞ்சலி வந்தார். நகரத்தில் ஆசிரியை, வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்தவர். அவருக்கும் அப்பா பெயர் முனியாண்டி. திரையில் அவர் இறந்துவிட்டதாக இருந்தது. “நான் இங்கதான நிக்கிறேன்!” என்று சத்தம் போட்டார். ஐசியைக் காட்டினார். மேலாளரே இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டார். அரை நாளில் அந்த இறப்பை அவருடைய பதிவிலிருந்து நீக்கிவிட்டார்கள். மற்ற எதையும் யாரும் தொடவில்லை.

எட்டு மாதம் கழித்து, எனக்கு ஓய்வுக்கு மூன்று மாதம் இருந்தபோது, கஸ்தூரி திரும்ப வந்தாள். நல்ல சட்டை போட்டு, தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். கையில் பிளாஸ்டிக் உறை.

“அக்கா, நான் ஐசிக்கு எழுதிப்போடப் போறேன். அம்மா பயந்துகிட்டு என்னைப் பதியவே இல்ல. நான் இந்த ஆஸ்பத்திரில பொறந்தேன்னு ஒரு சூராட் வேணும்னு சொன்னாங்க.”

பதிவைத் தேடி அந்தக் கடிதத்தை அச்சிட்டேன். தாய் பெயர் அஞ்சலி, முனியாண்டியின் மகள். பக்கத்தில் ஐசி எண், ஆசிரியையுடையது. அச்சானதும்தான் நானே அதைக் கவனித்தேன். அப்போது நான் செய்ததை இங்கே எழுதாமல் விட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தேன். எழுதத்தான் வேண்டும்.

குரலைத் தாழ்த்திச் சொன்னேன். “கஸ்தூரி, இங்க பாரு. இதுல அம்மாவுக்கு ஐசி நம்பர் இருக்கு. அம்மா இந்த நாட்டுக்காரங்கன்னு இருந்தா உனக்குச் சுலபமா கெடைக்கும். இல்லன்னா ரொம்ப சூசா, கஷ்டம். இப்படியே எடுத்துட்டுப் போ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் அந்த நிமிடம் நினைத்தேன். அவள் அந்தத் தாளோடு போய்விட்டால், நான் அழுத்திய பொத்தானைப் பற்றி இனி யாரும் கேட்கப்போவதில்லை என்பதும் என் மனதுக்குள் இருந்தது.

அவள் தாளை எடுத்துக்கொண்டு போய் வாசலோரப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் வேலை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வயதுப் பெண். ஐசி இல்லாமல் நல்ல வேலை கிடையாது, வங்கிக் கணக்கு கிடையாது, கல்யாணத்தைப் பதிய முடியாது. அவள் அந்தத் தாளை மடியில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தாள். அரை மணி நேரம் இருக்கும். பிறகு எழுந்து வந்தாள்.

“இந்த நம்பர் யாரோடது?”

“வேற ஒருத்தங்க. ஒரு டீச்சர்.”

“உசுரோட இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“அப்ப எங்கம்மா செத்தது கம்ப்யூட்டர்ல எங்க எழுதியிருக்கு?”

திரையில் தேடினேன். அது எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை.

“எங்கம்மா பொறந்ததுக்கும் தாள் இல்ல, செத்ததுக்கும் தாள் இல்ல. நீங்க பேனாவுல எழுதிக் குடுத்த ஒண்ணுதான் இருக்கு. இப்ப என்னைப் பெத்ததும் வேற ஆளு. அப்படித்தானேக்கா?”

“உன் நல்லதுக்குத்தான்மா சொன்னேன்.”

“தெரியுது.” தாளை என் முன்னால் வைத்தாள். “இது எங்கம்மா இல்ல. ரெண்டு பேரும் வேற வேற ஆளுன்னு ஒரு சூராட் குடுங்க.”

மேலாளரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அப்படி ஒரு கடிதம் கொடுத்தால், இணைத்தது நம் தவறு என்று நாமே ஒப்புக்கொண்டதாகும், வழக்கறிஞர் சம்மதிக்க மாட்டார், எனக்கும் ஓய்வு நெருங்குகிறது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். நான் யோசித்தேன். கஸ்தூரியிடம், மேலே கேட்டிருக்கிறோம், பதில் வரும் என்றேன். அவள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னேன். மூன்று மாதம் இப்படியே ஓடியது. கடைசி நாளில் எனக்குக் கேக் வெட்டி, பூச்செண்டு கொடுத்துப் படம் எடுத்தார்கள். முப்பத்தாறு வருடத்தில் ஒரு தவறும் செய்யாதவர் என்று மேலாளர் பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஓய்வுபெற்ற மறுவாரம் கஸ்தூரியை அழைத்தேன். மருத்துவமனைக் கடிதம் கிடைக்காது, ஆனால் நான் தனி ஆளாகச் சத்தியப் பிரமாணம் எழுதித் தருகிறேன் என்றேன். எனக்கு இனி எந்த நஷ்டமும் வராது என்று தெரிந்த பிறகுதான் அதைச் சொன்னேன். அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்தேன். அஞ்சலை என்ற பெயருக்கு அடியில் சிவப்புக் கோடு வந்துகொண்டே இருந்தது. ஒரு இடத்தில் எனக்குத் தெரியாமலே அஞ்சலி என்று மாற்றியும்விட்டது. அதை மூடிவிட்டுத் தாளை எடுத்து, நான்கு பக்கம் கையால் எழுதினேன். பிரசவம், ஊசி, சிவப்பு மை, பொத்தான், திங்கட்கிழமை காலை, நான் கேட்காத கேள்வி, விசாரணையில் நான் சொல்லாதது. எல்லாவற்றையும் எழுதினேன்.

ஈப்போவில் நீதிமன்றத்துக்கு அருகில், பிரமாணங்களுக்கு முத்திரை வைக்கும் ஆணையர் ஒருவரின் சின்ன அலுவலகத்துக்குப் போனோம். வயதான தமிழர். நான்கு பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்காமல் கஸ்தூரியைப் பார்த்தார்.

“பொண்ணு, இதுல என்ன எழுதியிருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“படிச்சேன் சார்.”

“இது உன் அம்மாவுக்கு ஐசி இல்லன்னு சொல்லுது. இத எடுத்துட்டுப் போனா உன் கேஸ் இழுக்கும்லா. இது இல்லாம போனா உனக்கு லேசு. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார். போடுங்க.”

அவர் முத்திரையை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். விசாரணைப் பகுதி வந்தபோது கஸ்தூரி சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டேன். அவர் முத்திரை வைத்தார்.

வெளியே வெயில். நான் அவளைக் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

“வேணாம்கா, பஸ்ல போயிக்கிறேன்.”

“கஸ்தூரி, நான் இத முன்னாடியே…”

“பதினோரு மாசம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உறைக்குள் தாளைச் செருகி, மடங்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடந்தாள்.

அவள் விண்ணப்பித்து வெகுகாலம் ஆகிறது. ஒருமுறை கூப்பிட்டு, அம்மாவின் பத்திரங்களைக் கேட்டார்கள். இல்லை என்றாள். பரிசீலனையில் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது புந்தோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். மாதம் ஒருமுறை, ஐசி வந்துவிட்டதா என்று நான் கைப்பேசியில் கேட்பேன்.

“இன்னும் இல்லக்கா” என்று பதில் வரும். சில மாதம் அதுவும் வராது.